கைவிடப்பட்ட பூட்டுக்காரர்

எங்கள் குடியிருப்பின் பூட்டுக்காரர் எந்நேரமும் வானத்துக்குப் புறப்படத் தயாராக இருந்தவர். ஆண்டவர் வரும்போது தாமதமாகிவிடும் என்று செருப்பு வாரை மாட்டியதே இல்லை. அப்படிக் கழன்று விழுந்து நாய் கவ்விப்போன ஜோடிகள் மட்டும் ஏழு. ஊருக்கெல்லாம் பூட்டுப் போட்டவர், தன் வீட்டு வாசல் கதவை ஒருநாளும் தாழிட்டதில்லை.

இரண்டு தெரு தள்ளி இதே தொழில் செய்த அண்ணனோடு ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. சொத்துத் தகராறு என்று நினைக்காதீர்கள். கடைசி நாட்களின் உபத்திரவத்துக்கு முன்பே விசுவாசிகள் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள் என்பது தம்பியின் கட்சி. உபத்திரவத்தை அனுபவித்த பின்புதான் என்பது அண்ணனின் கட்சி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குளியலறைப் பூட்டைச் சரிசெய்து, உள்ளே நின்று கதவைச் சாத்திப் பார்த்தார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. கருவிப் பெட்டியோ கதவுக்கு அந்தப் பக்கம்.

"ஏம்மா, கொஞ்சம் வா."

மனைவியிடமிருந்து பதில் இல்லை. கூப்பிடாமலே பதில் சொல்கிற மாமியாரும் மௌனம். சமையலறைக் குழாய் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து மனைவியை அழைத்தார். அவள் போன் சமையலறையில் அடித்து ஓய்ந்தது. ஜன்னல் இல்லாத அறை; கையை நீட்டினால் சுவர்.

ஆண்டவரின் வருகை நடந்துவிட்டது. மாமியார்கூடப் போய்விட்டார். தான் மட்டும் மிச்சம்.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. அண்ணன் சொன்னது சரியென்றால், உபத்திரவமே இன்னும் வராததால் எதுவும் நடந்திருக்காது. வாளியை நகர்த்தி முழங்காலிட்டு, அண்ணன் சொன்னதே சரியாக இருக்கட்டும் என்று ஜெபித்தார். பிறகு அண்ணனையே போனில் அழைத்தார்.

"அண்ணா, நீ இங்கதான் இருக்கியா?"

"வேற எங்க இருப்பேன்?"

"உன்னையும் விட்டுட்டாங்களா?"

அண்ணன் திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். "எங்க வீட்ல எல்லாரும் இருக்காங்க. அங்க?"

"யாருமே இல்லண்ணா. நான் குளியலறைக்குள்ள மாட்டிக்கிட்டேன். நீ சொன்னதே சரின்னு வெச்சுக்கலாம்."

"பூட்டுக்காரன்னு வெளிய சொல்லிடாத. வரேன்."

தாழிடாத வாசல் வழியே அண்ணன் நுழைந்தபோது, பின்னாலேயே மாமியாரும் மனைவியும் மூச்சு வாங்க ஏறிவந்தார்கள். கீழ்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டு, ஆம்புலன்ஸில் ஏற்றிவிடப் போட்டது போட்டபடி ஓடியிருக்கிறார்கள்.

"உள்ள என்ன பண்றாரு மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

"கைவிடப்பட்டிருக்கான்," என்ற அண்ணன், திருப்புளியைப் பூட்டில் வைத்தார். "டேய், அப்ப உபத்திரவத்துக்குப் பின்னாடிதானே? ஒத்துக்கிட்டல்ல?"

மாமியார் பூமியில்தான் இருக்கிறார் என்று உறுதியானதும் பூட்டுக்காரருக்குப் பழைய விசுவாசம் திரும்பியிருந்தது.

"முன்னாடிதான்," என்றார் உள்ளிருந்து.

அண்ணன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, கதவில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார்.

"சரி. வசனத்தைச் சொல்லு, கேப்போம்."