தேத்தண்ணி இல்லாம விடிஞ்ச காலை

1. பேரைத் தட்டினா வர்ற கட்டுரை

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். எழுதுறதும் மெதுவாத்தான். ஆனா நஸீமா டாக்டரோட ஆராய்ச்சிக்கு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளிங்க வரிசை வீடுங்களான லயம் லயமாப் போய் ஆள் சேர்த்தவ நான்தான். அந்த வேலைக்கு இப்போ புதுசா வந்திருக்கிற புள்ளைங்களுக்காக இதை எழுதுறேன்.

டாக்டர் பேரை கம்ப்யூட்டர்ல தட்டினா அவங்க கட்டுரை எல்லாம் வரிசையா வரும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும். அந்தக் கட்டுரையை வச்சு வேற எத்தனை பேர் தங்களோட கட்டுரையில பேர் சொல்லி எழுதியிருக்காங்கங்கிற கணக்கு அது. அதுல எல்லாத்துக்கும் மேல நிக்கிறது எங்க தோட்டத்துச் சர்க்கரை வியாதிக் கட்டுரை. அது வெளிய வராமலே போயிருக்கும்.

2. திருவிழா அன்னைக்கு

தோட்டத்துல இருக்கிறவங்க சர்க்கரையையும் கொழும்புக்கு வேலைக்குப் போனவங்க சர்க்கரையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறதுதான் ஆராய்ச்சி. ரெண்டு கூட்டமும் ஒண்ணு சேர்றது ஹாலிஎலைப் பக்கம் எங்க தோட்டத்துத் தேர்த் திருவிழாவுக்கு மட்டும்தான்.

"பால்குடம் எடுக்கிறவங்க விரதம் இருப்பாங்க அக்கா. நமக்கும் வெறும் வயித்து ரத்தம்தான் வேணும்"னு டாக்டர் சந்தோஷப்பட்டாங்க.

பால்குடம் இறக்கின கையோட கோயில் பக்கத்துல மேசை போட்டோம். "சாப்பிட்டீங்களா?"ன்னு ஒவ்வொருத்தரையும் கேட்டு உள்ள அனுப்பினேன். பாதிக்கு மேல முடிஞ்சிருச்சு. அப்போ கொழும்புல கடையில நிக்கிற முருகேசு சொன்னான், "ஒண்ணும் சாப்பிடல டாக்டர். விடிய ஒரு தேத்தண்ணி, அம்புட்டுத்தான்."

டாக்டர் ஊசியைக் கீழ வச்சாங்க. "சீனி போட்டா?"

"பின்ன, சீனி போடாமலா?"

வரிசையில நின்னவங்களைக் கேட்டா எல்லாருமே குடிச்சிருக்காங்க. முடிச்சுட்டு நின்னவங்களும் அப்படித்தான். "தேத்தண்ணி எல்லாம் விரதத்துல கணக்கா டாக்டரம்மா?"ன்னு கேட்டுச்சு எங்க லயத்துப் பவளக்கொடி.

டாக்டர் பதுளை டவுன் கடைக்காரர் மகள், தோட்டத்துல வளர்ந்தவங்க இல்ல. "எங்க நோன்புல தண்ணி கூட இறங்காது அக்கா. விரதம்னதும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன். பிழை என்னோடது"ன்னாங்க.

கூட வந்த லேப்காரர் மெதுவாச் சொன்னார், "சாப்பிடலன்னுதானே மேடம் சொன்னாங்க, அப்படியே போட்டுருவோம். இந்தக் கட்டுரை இல்லாம உங்களுக்குப் புரொபசர் பதவி வராது. யாருக்குத் தெரியப் போவுது?"

"யாருக்கும் தெரியாது. நம்பி வாசிப்பாங்க. அதுதான் எனக்குப் பயம்."

எடுத்த ரத்தம் அத்தனையும் வேணாம்னு ஒதுக்கிட்டாங்க.

3. மறுநாள்

மறுநாள் காலை ரயில்ல கொழும்புக்காரங்க கிளம்பிருவாங்க. அதுக்குள்ள திரும்ப ரத்தம் எடுக்கணும். திருவிழா அன்னைக்குச் சாயங்காலமே லயம் லயமா ஏறி இறங்கினேன்.

"சோத்தை விடச் சொல்லு, விடுறோம். காலைத் தேத்தண்ணிய விட்டா கண்ணு தொறக்குமா?"ன்னு ஒருத்தர் கேட்டார்.

"தேயிலைத் தோட்டத்துல பொறந்துட்டு தேத்தண்ணி குடிக்காதங்கிறா பாரு"ன்னு பவளக்கொடி சிரிச்சுச்சு.

எனக்குப் பேச்சு சாமர்த்தியம் இல்ல. நடந்ததைச் சொன்னேன். "அந்த டாக்டர் புள்ள நெனச்சிருந்தா அப்படியே எழுதியிருக்கலாம். பொய் எழுத மனசு வரல."

பவளக்கொடி சிரிப்பை விட்டுச்சு. "எந்நேரம் வரணும்?"

விடியுமுன்னே வந்துட்டாங்க. கொழும்புக்காரங்க பயணப் பையோட வந்தாங்க. எல்லார் மடியிலயும் ஒரு போத்தல் சுடச்சுடத் தேத்தண்ணி. ஒரு கையை ஊசிக்கு நீட்டிக்கிட்டு மறு கையால போத்தலைப் பிடிச்சிருந்தாங்க. ரத்தம் எடுத்து முடியிற வரைக்கும் ஒருத்தரும் மூடியைத் திறக்கல.

"ரயில் போயிருச்சுன்னா என் முதலாளிகிட்ட நீங்கதான் பேசணும் டாக்டர்"னான் முருகேசு. டாக்டர் கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சாங்க.

4. வந்து பார்க்காதவங்க

கட்டுரை வந்துச்சு. டாக்டர் புரொபசரும் ஆனாங்க. போன மாசம் அவங்க போன்ல அந்தக் கட்டுரை வரிசையைக் காட்டினாங்க. நான் கேள்விப்படாத நாட்டு டாக்டருங்க எல்லாம் எங்க கட்டுரையைச் சொல்லித்தான் எழுதியிருக்காங்க.

"இதுல யாராச்சும் இங்க வந்து பார்த்தாங்களா?"ன்னு கேட்டேன்.

"ஒருத்தரும் வரல அக்கா. நாம எழுதினதை நம்பினாங்க."

நான் நெனச்சுப் பார்த்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர் தன் நோயாளிக்கு என்ன சொல்றதுன்னு யோசிக்கிறார். அவருக்குத் தோட்டமும் தெரியாது, பவளக்கொடியையும் தெரியாது.

அதனால புள்ளைங்களா, "சாப்பிட்டீங்களா"ன்னு மட்டும் கேட்காதீங்க. வாயில என்ன போச்சுன்னு கேளுங்க. பிழையாப் போன ரத்தத்தைத் தயங்காம ஒதுக்குங்க. நேர்ல வந்து கேட்க முடியாத ஒருத்தர் நம்மளை நம்பிக்கிட்டு இருக்கார்.