மூன்றாம் பாகத்தின் இரண்டாவது சிடி

கையுறைக்காரன் படங்களில் எது உசத்தி என்று எங்கள் பெரியப்பா வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் விசாரணை நடக்கும். கறிச்சோறு சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, மின்விசிறிக்கு அடியில் சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டு ஆண்கள் உட்கார்ந்துவிட்டால் மூன்று மணி வரை அதே பேச்சுதான். தீர்ப்பு எல்லா வாரமும் ஒன்றே: மூன்றாம் பாகம். பெரியப்பாவுக்கு மூன்றாம் பாகம் பிடிக்கும். அதற்கு மேல் அங்கே மேல்முறையீடு கிடையாது.

அது ஓர் உளவாளியின் கதை. வெள்ளைக்காரப் படம், தமிழில் பேசவைத்து சிடியாக வரும். உளவாளியின் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. பனிமலையானாலும் பாலைவனமானாலும் கறுப்புக் கையுறையைக் கழற்றாமல் சண்டை போடுவான் என்பதால் எங்கள் வீட்டில் அவனுக்குக் கையுறைக்காரன் என்று பேர். அவனை எதிர்க்கும் ரஷ்யாக்காரர்கள் சுத்தமான மெட்ராஸ் பாஷை பேசுவார்கள். நான் ஐந்தாம் வகுப்பு படித்த அந்த வருஷம் வரை நான்கு பாகங்கள் வந்திருந்தன. எங்களுக்கு எல்லாம் மனப்பாடம்.

பெரியப்பாவுக்கு அவிநாசியில் பனியன் கம்பெனி. அப்பா அவருடைய கூடப்பிறந்த தம்பி, அந்தக் கம்பெனியில் பிரிண்டிங்கைப் 'பார்த்துக்கொண்டிருந்தார்'. எங்கள் பக்கத்தில் அது ஒரு நாசூக்கான வார்த்தை. தம்பி சம்பளத்துக்கு இருக்கிறான் என்று சொன்னால் அண்ணனுக்குக் கௌரவக் குறைச்சல். பார்ட்னர் என்று சொல்லிவிட்டால் அப்புறம் பங்கு கொடுக்க வேண்டும். ஆகவே ஏழு வருஷமாக அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் முதலிபாளையத்தில் பெரியப்பா தனியாக ஒரு பிரிண்டிங் யூனிட் கட்டிக்கொண்டிருந்தார். "அது உனக்குத்தான்டா. தை பொறந்ததீம் உன்ற பேர்லயே பண்ணிக் குடுத்தர்றேன்" என்று பத்துப் பேர் கேட்கச் சொல்லியிருந்தார். அப்பா சாயங்காலம் வேலை முடிந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு முதலிபாளையம் போய்விடுவார். டேபிள் எத்தனை அடி நீளம் வேண்டும், வெயில் எந்த ஜன்னல் வழியாக வந்தால் துணி சீக்கிரம் காயும் என்றெல்லாம் நோட்டில் வரைந்துகொண்டு வருவார். எட்டு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ் என்றிருந்த லைன் வீட்டிலிருந்து தையோடு கிளம்பிவிடலாம் என்று அம்மா பாத்திரம் பண்டங்களைக்கூடப் புதிதாக வாங்காமல் இருந்தாள். எங்கள் மூன்று பேருடைய வாழ்க்கையும் பெரியப்பாவின் அந்த ஒரு வாய்ச்சொல்லில் நின்றுகொண்டிருந்தது. அது எனக்கும் தெரியும். தெரிந்தும்தான் செய்தேன்.

விசாரணையில் கட்சிக்காரர்கள் மூன்று பேர். பெரியப்பா மூன்றாம் பாகம். பெரியம்மாவின் தம்பி, எனக்கு மாமா முறை, அவரும் மூன்றாம் பாகம். பெரியப்பா நான்காம் பாகம் என்றிருந்தால் அவரும் நான்காம் பாகம் என்றிருப்பார். அப்பா மட்டும் இரண்டாம் பாகம். கம்பெனியில் பெரியப்பா கிழக்கு என்றால் கிழக்கு, மேற்கு என்றால் மேற்கு என்றிருந்த அப்பா, கையுறைக்காரன் விஷயத்தில் மட்டும் எதிர்த்துப் பேசுவார்.

"ரெண்டாவதுல அவனுக்கு யாருமே தொணை இல்லீங்ணா. ஒத்தையாளாப் போயி முடிச்சுட்டு வருவான். மத்த பாகத்துல எல்லாம் தலைவரு போன்ல சொல்லச் சொல்லத்தான இவன் செய்யறான்."

"ஒத்தையாளாப் போறது என்னடா பெரிய இது? ரயில் மேல ஏறயில ஒரு நீலச் சட்டை, எறங்கயில வேற நீலம். ஷேடு மாறிப்போன பீஸை நம்ம கம்பெனியிலயே பாஸ் பண்ண மாட்டோம். படத்தைப் பாஸ் பண்ணச் சொல்றயா?"

மாமா தொடையைத் தட்டிச் சிரிப்பார். "ரிஜெக்ட்டுங்க மச்சான், ரெண்டாம் பாகம் ரிஜெக்ட்டு!" அப்பாவும் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிவார். எனக்கு அழுகை அழுகையாக வரும். சட்டையின் நிறம் மாறுவதைக் கண்டுபிடித்ததே அப்பாதான். வீட்டில் படம் பார்க்கும்போது அவர் எங்களிடம் சொல்லி, பிறகு பெரியப்பாவிடமும் சொல்லி, பெரியப்பா அதை எடுத்து அவர் மேலேயே எறிந்துகொண்டிருந்தார்.

மூன்றாம் பாகத்தில் பெரியப்பாவுக்கு மிகவும் பிடித்தது கடைசிக் காட்சி. நீர்மூழ்கிக் கப்பல் வெடித்துச் சிதறியபின், கப்பல் தளத்தில் கையுறைக்காரன் நிற்பான். அவனை வளர்த்து ஆளாக்கிய வயதான தலைவர் எதிரே வருவார். வேறெந்தப் பாகத்திலும் கழற்றாத கையுறையை அங்கே கழற்றிவிட்டு வெறுங்கையால் அவருக்குக் கை கொடுப்பான். திரை இருண்டுவிடும். இதைச் சொல்லும்போது பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிடும். "கையுறையக் கழட்டீட்டுக் கை குடுப்பான் பாரு. அதுதான்டா மரியாதை. வளத்தவனுக்குச் செய்யற மரியாதை. அதோட படத்தை முடிச்சான் பாரு, வளவளன்னு இழுக்காம, ஒரு மணி நேரத்துல!"

ஒரு மணி நேரத்தில் முடியவில்லை. படம் இரண்டு சிடி.

அது வந்த புதிதில் பெரியப்பா வாங்கி, பார்க்க நேரமில்லாமல் எங்களிடம் கொடுத்திருந்தார். அவர் வீட்டுப் பழைய பிளேயர்தான் எங்கள் வீட்டில் இருந்தது. நாங்கள் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு உறையைத் திருப்பிக் கொடுத்தோம். இரண்டாவது சிடி பிளேயருக்குள்ளேயே தங்கிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனார். ஆனால் அதற்குள் பெரியப்பா முதல் சிடியைப் பார்த்து முடித்து, அந்தக் கை கொடுக்கும் காட்சியைக் கம்பெனி முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். அப்பா சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். சிடி எங்கள் வீட்டு பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் போயிற்று. "அதையப் பத்தி அங்க போயி மூச்சு உடக்கூடாது அம்மிணி" என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது சிடியில் அந்தத் தலைவர்தான் துரோகி. கை கொடுத்ததே சூழ்ச்சி. கையுறை இல்லாத கையிலிருந்து கைரேகையை எடுத்து, ஒரு கொலையில் அவனையே மாட்டிவிடுவார். பெரியப்பா கண் கலங்கிய இடம் படத்திலேயே பெரிய மோசடி. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு வாராவாரம் அப்பா தோற்றுக்கொண்டிருந்ததைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. கையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அடி வாங்குகிற ஆளை எந்தப் பாகத்திலும் நான் பார்த்ததில்லை.

மார்கழி பிறப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா மகளைப் பெண் பார்க்கக் குன்னத்தூரிலிருந்து வந்தார்கள். பெரிய தோட்டக்காரர்கள், டவுனில் இரண்டு கம்பெனி வேறு. பெரியப்பா அன்று சட்டையைக் கழற்றவில்லை. பெண்ணைப் பார்த்தாயிற்று, பிடித்தும் போயிற்று, இலை எடுத்தபின் பேச ஒன்றுமில்லாமல் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது டிவி மேலிருந்த சிடிகளைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "ஏனுங்க, நீங்களும் இந்தப் படமெல்லாம் பாப்பீங்களா?"

கேட்க வேண்டுமா! பெரியப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வந்தவருக்கு முதல் பாகமாம், பனிமலையில் சறுக்கும் இடத்தை மிஞ்ச ஆளில்லையாம். பெரியப்பா மூன்றாம் பாகம் என்றார். மாமா ஆமாம் போட்டார். அப்பாவையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். அவர் இரண்டு என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பெரியப்பா எழுந்து நின்று கடைசிக் காட்சியைச் சொல்ல ஆரம்பித்தார். நடித்தே காட்டினார். கையிலிருந்து இல்லாத கையுறையை உருவி, மாப்பிள்ளையின் அப்பாவுக்கே கை கொடுத்து, "அதோட படம் முடிஞ்சுதுங்க" என்றார்.

குன்னத்தூர்க்காரர் கொடுத்த கையை எடுக்காமல் விழித்தார். "முடிஞ்சுதுங்களா? அந்தாளைத்தானுங்களே கடேசீல..." என்று இழுத்தவர், என்ன தோன்றியதோ, நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷர். மாமா சட்டென்று குறுக்கே விழுந்தார். "அது இங்கிலீசுலீங்க. தமிழ்ல மச்சான் சொல்றதுதானுங்க."

இத்தோடு போயிருக்கும். பெரியப்பா, "எங்க ஊட்ல எல்லாம் பத்துத்தடவை பாத்தாச்சுங்க. வேண்ணா என்ற தம்பியக் கேளுங்க. நீ சொல்லுடா" என்றார். அப்பா, "ஆமாங்க, அண்ணன் சொல்றதுதானுங்க" என்றார்.

அந்த 'ஆமாங்க'வைக் கேட்டதும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. சமையலறை வாசலில் நின்றிருந்த நான் நடுக்கூடத்துக்கு வந்தேன்.

"இல்லீங்க பெரியப்பா. நீங்க ரெண்டாவது சிடி பாக்கவே இல்லீங்க. கை குடுக்கறதே கைரேகை எடுக்கறதுக்குங்க. அந்தத் தாத்தாதானுங்க துரோகி. ரெண்டாவது சிடி எங்க ஊட்ல இருக்குதுங்க. நீங்க வருத்தப்படுவீங்கன்னு அப்பா பீரோல ஒளிச்சு வெச்சிருக்கறாருங்க."

குன்னத்தூர்க்காரர் வெடித்துச் சிரித்தார். அவர் வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை பையன் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினான். "பாதிப் படத்தைப் பாத்துப்போட்டா பத்துத்தடவை பாத்தாச்சுங்கறீங்க!" என்று குன்னத்தூர்க்காரர் கண்ணைத் துடைத்தார்.

அப்பாவும் சிரித்தார். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை, அவரையும் சரி, என்னையும் சரி. வாய்விட்டு, தோள் குலுங்க, அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் சிரித்தார். ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷன் இன்னும் ஒரு நிமிஷம் மூடியிருந்திருக்கலாம். பெரியப்பா எல்லோர் முகத்தையும் விட்டுவிட்டு அந்த ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரும் சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாக. என் கன்னத்தைக் கிள்ளி, "கெட்டிக்காரி" என்றார். வலித்தது.

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அதில் ஒரு குறையும் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா மொபெட்டின் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கொழந்தைக்கு என்ன தெரியும் உடு" என்று அப்பா இரண்டு தரம் சொன்னார். எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா ஜெயித்துவிட்டார், நான் ஜெயிக்க வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டில் ஜோலி இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கடுத்த வாரமும் ஜோலி. முதலிபாளையத்துக்கு அப்பா போவதும் குறைந்தது. பூட்டு மாற்றியிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். கட்டடம் முடிந்தால் பூட்டு மாற்றத்தானே செய்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

தை பிறந்து நான்காம் நாள் பெரியப்பாவும் பெரியம்மாவும் எங்கள் லைன் வீட்டுக்கு வந்தார்கள். அதற்கு முன் பெரியப்பா எங்கள் வீட்டுப்படி ஏறி நான் பார்த்ததில்லை. காரிலிருந்து இறங்கி, எட்டு வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்க்க, கையில் தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மேலே ஒரு பத்திரிகை. அப்பா பதறிப்போய் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெரியப்பா உட்காரவில்லை. தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"தம்பி, வர்ற வெள்ளிக்கெழமை முதலிபாளையத்துல யூனிட் தொறக்கறோமுங்க. நீங்க குடும்பத்தோட வந்து சிறப்பிச்சுக் குடுக்கோணுமுங்க."

அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தார். அதில் உரிமையாளர் என்று மாமாவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. சொந்தத் தம்பிக்கு யாரும் பத்திரிகை வைக்க மாட்டார்கள்; வாசலில் நின்று மற்றவர்களை வாங்க என்று கூப்பிட வேண்டியவன் அவன். இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குக் கேட்டதெல்லாம் அந்த 'நீங்க' மட்டும்தான்.

"வந்தர்றோமுங்ணா" என்றார் அப்பா.

"சரீங்க. அப்ப நாங்க வர்றமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் பெரியப்பா இறங்கிப் போனார்.

கார் திரும்புவதற்குள் நான் குதிக்க ஆரம்பித்துவிட்டேன். "அப்பா, பெரியப்பா உங்களை டா போடலீங்ப்பா! வாங்க போங்கன்னு பேசறாரு! நாமதான் ஜெயிச்சோம்!"

அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அப்பா என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார். பத்திரிகையை நாலாக மடித்துக்கொண்டே, "ஆமா கண்ணு, ஜெயிச்சுட்டோம்" என்றார்.

நான் தெருக்கோடி வரை ஓடி, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.