மதலேனின் ரத்தம்

உழவர்கரை அல்போன்சுக்கு எதிலும் வெளிநாட்டு ரத்தம் ஓட வேண்டும். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். மகன் பிரான்சை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. ஆனாலும் தன் கொட்டகையில் பிறந்த கன்றுக்கு மதலேன் என்று பெயர் வைத்தார். "புனிதை பேர மாட்டுக்கா வெப்பாங்க?" என்று அவர் மனைவி அகஸ்டினா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தக் கன்று பிறந்ததிலேயே ஒரு பொய் இருந்தது. அதன் தாய் பாதிச் சீமை மாடு. ஒவ்வொரு கத்திரி வெயிலிலும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூச்சு வாங்கும். அதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோன அகஸ்டினா, "இந்த வாட்டி சிந்திக் காளை ஊசி போடச் சொல்லுங்க. அது நம்ம வெயிலுக்குப் பழகின ரத்தம். கன்னுக்குட்டியாவது தாங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மகள் லினெட்டின் பிரசவத்துக்காகக் காரைக்கால் போனாள். சினை ஊசி போடுகிறவர் வந்து எந்தக் காளை வேண்டும் என்று கேட்டபோது, நுரை பொங்கும் பால் வாளிதான் அல்போன்சின் கண்ணில் நின்றது. "சீமையே போடுங்க" என்றார்.

திரும்பி வந்த மனைவி கேட்டதற்கு, "சிந்திதான்" என்றார். கன்று சிந்தியின் செந்நிறம் இல்லாமல் கறுப்பும் வெள்ளையுமாக விழுந்தபோது, "தாய் மேல போயிருக்கு" என்றார். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொரு பொய். அகஸ்டினா நம்பினாள். கட்டினவன் பேச்சை நம்பாமல் வேறு யார் பேச்சை நம்புவாள்?

மதலேன் வளர்ந்து, தானும் ஒரு கிடேரிக் கன்றை ஈன்று, வாளி வாளியாகக் கறந்தது. ஆனால் எங்கே வெயில் தாங்காமல் போய்விடுமோ என்று அல்போன்சுக்குப் பயம். வெயில் ஏறியதும் பகல் தூக்கத்தை விட்டுவிட்டு, தினமும் கொட்டகையில் நின்று கோணிச்சாக்கை நனைத்து அதன் முதுகில் போட்டார். குழாயைப் பிடித்துத் தலையில் தண்ணீர் விட்டார்.

"சிந்தி ரத்தத்துக்கு எதுக்கு இந்த ராஜ உபசாரம்? எனக்குத் தல வலிச்சா ஒரு தைலம் எடுத்துக் குடுத்ததில்ல இந்த மனுஷன்" என்று அகஸ்டினா சிரிப்பாள். அவரும் சிரித்து வைப்பார். ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னவர், இதை மட்டும் சொல்லவில்லை. மாட்டு விவகாரத்தை எல்லாம் சாமியாரிடம் கொண்டுபோவார்களா என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலாப்பட்டில் தங்கை பேத்திக்குப் புதுநன்மைச் சடங்கு, மதியம் விருந்து. சட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். நிழலிலேயே கட்டு, மதியம் சாக்கை நனைத்துப் போடு என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

"மாட்டப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

"நான் பாக்காம? போய்ட்டு வாங்க."

இலையில் பிரியாணி விழுந்த நேரத்தில் போன் வந்தது. அகஸ்டினா கொட்டகையைக் கழுவிவிடுவதற்காக மதலேனைப் பக்கத்துக் காலிமனையில் கட்டியிருந்தாள். அங்கே ஒரு மரம் கிடையாது. கழுவி முடித்து, உலையையும் இறக்கிவிட்டுப் போய்ப் பார்த்தபோது, மாடு நுரை தள்ளி விழுந்து கிடந்தது.

அல்போன்ஸ் வந்து சேர்ந்தபோது அக்கம்பக்கத்தார் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மாட்டு டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார், பிறகு உதட்டைப் பிதுக்கினார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அகஸ்டினா மண்ணில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். "சிந்தி ரத்தமாச்சே, செத்த நேரம் தாங்கும்னு நெனச்சனே. வாயில்லா ஜீவன நானே கொன்னுட்டனே. பாவி நான், பாவி நான்."

அல்போன்ஸ் நினைத்திருந்தால் அப்படியே விட்டிருக்கலாம். ஊசி போட்டவர் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டார். கேட்க ஆளில்லை. ஆனால் அவள் அடித்துக்கொண்ட ஒவ்வோர் அடியும் தன்மேல் விழ வேண்டியது என்று அவருக்குத் தெரியும். அவமானம் பிடுங்கித் தின்றது. குனிந்து அவள் கையைப் பிடித்தார்.

"அது சிந்தி இல்ல அகஸ்டினா. நீ ஊர்ல இல்லாதப்ப நாந்தான் சீம ஊசி போடச் சொன்னேன்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"காலையில சொல்லியிருந்தாகூட நெழல்ல கட்டியிருப்பனே."

அல்போன்ஸ் பிடித்திருந்த அவள் கையை விட்டார்.

அவள் எழுந்து போய் மதலேனின் கன்றை அவிழ்த்து வந்தாள். அந்த வீட்டில் ஒரே ஒரு ஃபேன். அதற்கு நேர் கீழே அல்போன்சின் நாற்காலி. நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் கன்றைக் கட்டினாள்.

மறுநாள் மதியம் அல்போன்ஸ் வாசலில் உட்கார்ந்திருந்தார். வெயில் நேராக அவர் தலையில் இறங்கியது. இரண்டடி தள்ளி வேப்பமர நிழல் இருந்தது. அவர் நாற்காலியை நகர்த்தவில்லை.