எழுபத்தொன்பதும் எண்பதும்

தபீதாள் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், என் மடத்தனத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, அதில் இப்போது எனக்கு வெட்கம் இல்லை.

அக்கா அஸ்தினாபுரத்துக்காரர். குரோம்பேட்டையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் 1963-இல் அட்டையில் துளை போடும் பஞ்ச் ஆபரேட்டராகச் சேர்ந்தார். அங்கே ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் அட்டை. அட்டைக்கு எண்பது கட்டங்கள். பெயர், டிபார்ட்மென்ட், வேலை நிரந்தரமான ஆண்டு எல்லாம் அதில் துளைகளாக இருக்கும். காலையில் ஜெபம் பண்ணிவிட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி வரை அவர் விரல் நிற்காது. வாய் மட்டும் யாரையாவது கிண்டல் பண்ணிக்கொண்டிருக்கும். வீணான அட்டைகளை வெட்டி ஒட்டி டிசம்பரில் நட்சத்திரம் செய்வார். துளை துளையாக வெளிச்சம் விடும் நட்சத்திரம் அந்தத் தெருவிலேயே அவர் வீட்டில்தான் தொங்கும்.

1974-இல் நிர்வாகம், துளைகளைப் படித்து லிஸ்ட் அச்சடிக்கும் பழைய அட்டை மெஷினை விற்றுவிட்டு, மவுண்ட் ரோட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த எங்கள் கம்பெனியிடம் வேலையைக் கொடுத்தது. அட்டைகளில் இருப்பதைக் கம்ப்யூட்டர் டேப்புக்கு மாற்றுவது என் பொறுப்பு. எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு டைப் அடித்த தாள் கொடுத்தார்கள். அதில் 79, 80 ஆகிய கடைசி இரண்டு கட்டங்களும் காலி என்று இருந்தது. ஆனால் நூற்றுச் சொச்சம் அட்டைகளில் அங்கே எண்கள் இருந்தன. 58, 59, 61. யாரையாவது கேட்டிருக்கலாம். பி.எஸ்ஸி. கணிதம் படித்த இந்த ஜெபசீலன் பஞ்ச் ரூமில் போய் நிற்பதாவது? குப்பை என்று முடிவு கட்டி விட்டுவிட்டேன்.

டேப்பிலிருந்து முதலில் அடித்துக் கொடுத்தது சீனியாரிட்டி லிஸ்ட். தொழிலாளர் வீட்டுவசதிச் சங்கம் அஸ்தினாபுரத்தில் நாற்பது மனைகள் பிரித்திருந்தது. லிஸ்டில் முதல் நாற்பது பேருக்கு மனை. வார்ப்படப் பிரிவில் இருந்த சேட்டு தொண்ணூற்றேழாவது ஆளாக வந்தார். ஏரிக்கரைக் குடிசையில் அவர் வீட்டில் ஆறு பேர், மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். அடுத்த வருஷம் அவருக்கு ஓய்வு. இது தவறினால் அவருக்கு வேறு மனை கிடையாது. அவர் சண்டை போடவில்லை. பஞ்ச் ரூம் வாசலில் வந்து நின்று, தன் பேர் ஏன் இவ்வளவு கீழே கிடக்கிறது என்று மட்டும் அக்காவைக் கேட்டார்.

அக்கா அவருடைய அட்டையை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உடனே எனக்கு ஆள் வந்தது.

"சார், 79, 80 எங்க போச்சு?"

தாளில் காலி என்றுதான் இருக்கிறது என்றேன்.

"தாள் 63-ல அடிச்சது சார். டெம்பரரி ஆளுங்களை பர்மனென்ட் பண்ணினது 68-ல. டெம்பரரியா சேர்ந்த வருஷத்திலேருந்தே சர்வீஸ் எண்ணணும்னு அப்ப ஒப்பந்தம். அட்டையில வேற இடம் இல்லை, அங்க போட்டேன். யாரும் எழுதி வைக்கலை. நானும் எழுதலை. நான்தான் இங்கயே இருக்கேனே."

சேட்டு அட்டையில் அந்த இடத்தில் 59 இருந்தது. நான் குப்பை என்று தள்ளியது சேட்டுவின் ஒன்பது வருஷ உழைப்பு.

பர்சனல் ஆபீசர் பக்தவச்சலம் நல்ல மனிதர்தான், ஆனால் காகிதம் இல்லாமல் நகர மாட்டார். ஒப்பந்தம் சரி, அந்த எண்கள் ஆண்டுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார். ஓர் ஆபரேட்டரின் வாய்ச்சொல்லை வைத்து லிஸ்டை மாற்ற முடியாதாம். பழைய வருகைப் பதிவேடுகளைக் கரையான் தின்றிருந்தது. பழைய லிஸ்டுகள் எடைக்குப் போயிருந்தன.

அக்கா பீரோவுக்குப் பின்னாலிருந்து, பழைய புடவை சுற்றிய பலகை ஒன்றை இழுத்து வந்தார். விற்றுப்போன மெஷினின் ஒயர் பலகை அது. அட்டையின் எந்தக் கட்டத்தைத் தாளில் எங்கே அச்சடிக்க வேண்டும் என்று மெஷினுக்குச் சொன்னவை அந்த ஒயர்கள்தான். மெஷினை வாங்கியவன் அது எதற்கென்று தெரியாமல் விட்டுப் போயிருந்தான். ஒரு வேலைக்கென்று பூட்டிய ஒயரைப் பிடுங்கக் கூடாது என்பது பஞ்ச் ரூம் வழக்கம். மெஷினே போன பிறகும் அக்கா அதை விடவில்லை.

பலகையின் ஓரத்தில் 'சீனியாரிட்டி' என்று லேபிள் ஒட்டியிருந்தது. அக்கா பழைய லிஸ்டின் வெற்றுப் படிவம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். 79, 80-இலிருந்து கிளம்பிய இரண்டு மஞ்சள் ஒயர்கள், படிவத்தில் 'சர்வீஸ் தொடங்கிய ஆண்டு' என்ற இடத்துக்கு நேராகப் போய் முடிந்தன. பக்தவச்சலம் விரலால் ஒயரைத் தடவிக்கொண்டே போய்ப் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

புது லிஸ்டில் சேட்டு இருபத்திரண்டாவது ஆள். முதல் லிஸ்டில் மனை கிடைத்துவிட்டதாக ஸ்வீட் கொடுத்திருந்த ஃபிட்டர் ரவி நாற்பதுக்குக் கீழே இறங்கிப்போனார். ஒரு மாதம் கேன்டீனில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நியாயம்தான்.

அப்புறம் நான்கு நாள் நோட்டுப் புத்தகத்தோடு அக்கா எதிரில் உட்கார்ந்தேன். தாளில் இல்லாத சங்கதிகள் இன்னும் பதினொன்று வந்தன. ஒவ்வொன்றுக்கும் "பி.எஸ்ஸி. சார், இதையும் எழுதிக்கோங்க" என்று சிரிப்பார். வேலையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

பழைய அட்டைகளை எடைக்குப் போட்ட அன்று சேட்டு தன் அட்டையைக் கேட்டு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அக்கா அவர் விரலைப் பிடித்துக் கடைசி இரண்டு துளைகளின் மேல் வைத்தார். டெம்பரரியாகச் சேர்ந்த வருஷம் இதுதான், உங்களுக்கு மனை வாங்கிக் கொடுத்தது இதுதான் என்றார்.

சேட்டு விரலை எடுத்துவிட்டு அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இன்னாம்மா, இத்தினியூண்டு பொத்தல்லயா என் ஒம்பது வருசம் கீது" என்றார்.

அட்டையை மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்.