தாய்மாமன் பேச்சு

எங்கள் ஊர் சிம்பாங் ரெங்கத்தில் திருச்செல்வம் மைக்கைப் பிடித்தால், கோழிக்கறி எடுக்கப் போனவன்கூடத் தட்டோடு நின்றுவிடுவான். பக்கத்து ஊர் ஆயர் ஈத்தாமில் பூச்சாடி விற்கும் கடையில் வேலை. சனி ஞாயிறில் டேவானில், அதாவது கல்யாண மண்டபங்களில் பேச்சு. மற்றவர்கள் 'மாண்புமிகு'வில் தொடங்கி, முன்வரிசை மொத்தத்துக்கும் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும். இவர் அப்படியில்லை. ஒரு வணக்கம், ஒரு கதை, அவ்வளவுதான். கதை நிஜமாக இருக்க வேண்டும், அதில் வருகிற ஆள் சபையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அறிவுரையைக் கார் நிறுத்துமிடத்திலேயே விட்டுவிடுவார்கள், கதையை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்பார். சும்மா சொல்லக்கூடாது, அது உண்மைதான். அந்த உண்மைதான் அவரைக் கவிழ்த்தது.

அவர் தங்கை ராசம்மா பள்ளி கேண்டீனில் சமைப்பவர். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மகள் லோஷினியை வளர்த்தவர். லோஷினியின் கல்யாண விருந்தில் ராசம்மா பட்டுச்சேலையோடு மேசை மேசையாகப் போய் எல்லாரையும் உபசரித்தார். மாப்பிள்ளை வீட்டார் ஸ்கூடாய்க்காரர்கள், கொஞ்சம் வசதியானவர்கள். அவர்கள் முன்னால் நம் ராசம்மா அன்றைக்கு நிமிர்ந்து நடந்ததைப் பார்க்க எங்களுக்கே பெருமையாக இருந்தது.

தாய்மாமனை மேடைக்கு அழைத்தார்கள். திருச்செல்வம் எழுந்தார். லோஷினி சின்னப்பிள்ளையாக இருந்தபோது வீட்டில் அரிசி இல்லாத ஒரு நாள், ராசம்மா பிள்ளைக்கு நல்ல கவுன் மாட்டி, யார் என்றே தெரியாதவர்களின் கல்யாணத்துக்குக் கூட்டிப்போய், வரிசையில் நின்று சாப்பிட வைத்த கதையைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பெண் வீடு என்றும், பெண் வீட்டார் கேட்டால் மாப்பிள்ளை வீடு என்றும் சொல்லி ராசம்மா சமாளித்ததை நடித்தே காட்டினார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு, "இன்னைக்கு அந்த அம்மா ஊருக்கே சோறு போடுறாங்க" என்று குரலை இறக்கினார். சபை அழுதது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அந்தக் கதை திருச்செல்வத்துக்கு எப்படித் தெரியும்? அவர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். ராசம்மாவே போன் போட்டு, அழுதுகொண்டே சொல்லி, வரச் சொல்லியிருக்கிறார். வருகிறேன் என்றவர் வரவில்லை. மேடையில் அந்தப் பாகம் மட்டும் காணாமல் போயிருந்தது.

விருந்து முடிந்ததும் மிச்சச் சாப்பாட்டைத் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டி உறவுக்காரர்களுக்குக் கொடுப்பது நம் வழக்கம். கொடுக்க வேண்டியவர் ராசம்மா. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா அர்ச்சுனன் இரண்டு கையிலும் பொட்டலங்களோடு அவரிடமே வந்தார். நல்ல மனுஷர், கண் இன்னும் ஈரமாக இருந்தது.

"எடுத்துட்டுப் போங்க தங்கச்சி. கூச்சப்படாதீங்க லா."

தன் விருந்தின் சோற்றைத் தானே பிச்சையாக வாங்கிக்கொண்டு ராசம்மா நின்றார். திருச்செல்வம் அதைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாராட்ட வந்தவர்களிடம் கை கொடுக்கவும் அவருக்குக் கூசியது.

மறுநாள் தங்கை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். ராசம்மா தேநீர் கொடுத்தார், கோபப்படவில்லை. "அது உங்ககிட்ட மட்டும் சொன்னதுண்ணே" என்றார். அதன்பிறகு எந்த விசேஷத்திலும் ராசம்மா சாப்பிட்டதில்லை. வருவார், மொய் வைப்பார், பந்திக்கு முன்னால் கிளம்பிவிடுவார். ஊர் ஜனங்களோ அந்தக் கதையை விடவில்லை. மீன் கடையில்கூட அவரை நிறுத்தி, "உங்க அண்ணன் என்னமா பேசினாரு" என்றார்கள்.

லோஷினியின் வளைகாப்பு ஸ்கூடாயில், அர்ச்சுனன் வீட்டில். மகளுக்காக ராசம்மா அன்று இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார். திருச்செல்வத்திடம் மைக்கைக் கொடுத்தார்கள். வந்தவர்களுக்கு நன்றி, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் பேசிய ஆக மட்டமான பேச்சு அதுதான். வேண்டுமென்றே பேசியது.

அர்ச்சுனனுக்கு மனசு கேட்கவில்லை. "தாய்மாமனுக்கு இன்னைக்குக் கூச்சம், நான் சொல்றேன்" என்று மைக்கை வாங்கி, அந்தக் கதையை ஆரம்பித்தார். ஒரு வார்த்தை பிசகவில்லை. திருச்செல்வம் குரலை இறக்கிய இடத்தில் அவரும் இறக்கினார். ராசம்மாவின் கை இலையில் அப்படியே நின்றது.

கதை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"பாவம், அப்ப அண்ணன் எங்க இருந்தாரு?"

எல்லாரும் திருச்செல்வத்தைப் பார்த்தார்கள். பதில் சொன்னது ராசம்மா.

"அண்ணனுக்குத் தெரியாதும்மா. நான்தான் சொல்லல. தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பாரு."

சொல்லிவிட்டு, இலையில் இருந்த சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். திருச்செல்வம் தலை நிமிரவில்லை.