சும்மா கத்துதுங்க

காரில் ஏறியதும் யோகேஷ் செய்யும் முதல் வேலை, சீட் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டுக் கொக்கியைச் சொருகுவது. பெல்ட் போடவில்லை என்று இனி வண்டி கத்தாது. வீட்டு யூ.பி.எஸ். கீச்சிட்டபோதும் பேட்டரியை மாற்றவில்லை. கீச்சிடுகிற ஒயரைப் பிடுங்கிவிட்டார். "சும்மா கத்துதுங்க" என்பது மனுஷன் வாயில் குடியிருக்கும் வாசகம்.

தொழிலும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. மோகனூர் வீட்டு மாடியில் உட்கார்ந்து, கணினியின் அடிமடியான கெர்னலுக்கு நிரல் எழுதுகிறார். இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கைவைக்காமலிருக்க அங்கே பூட்டுகள் உண்டு. இவன் பூட்டுக்காக அவன், அவன் பூட்டுக்காக இவன் என்று இரண்டும் முறைத்துக்கொண்டு நின்றால் எந்திரம் கல்லாகிவிடும். அதை முன்கூட்டியே மோப்பம் பிடித்துச் சிவப்பு எழுத்தில் அலற ஒரு சோதனைக் கருவி இருக்கிறது. யோகேஷுக்கு உலகத்தில் ஆகாதது அது ஒன்றுதான்.

சில சமயம் அது பொய்யாகவும் அலறும், இல்லை என்று சொல்லவில்லை. ஒரே பெயருள்ள இரண்டு பூட்டுகளை ஒன்றென்று நினைத்துக் குழம்பும். "எங்கூட்டுல எங்கப்பனையும் சாமீம்பாங்க, எம்பையனையும் சாமீம்பாங்க. ஒரு குரல் உட்டா ரெண்டு தலையும் திரும்புமுங்க. அந்தக் கிறுக்குக்கு ரெண்டும் ஒரே ஆளு" என்பார். ஜோரான விளக்கம்தான். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்தால் கருவி வாயை மூடிக்கொள்ளும். ஆனால் எது பொய், எது நிஜம் என்று உட்கார்ந்து பார்க்க வேண்டுமே! இவரோ எது அலறினாலும் 'இந்தப் பூட்டைக் கண்டுகொள்ளாதே' என்று ஒரு வரி எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

மனைவி சத்யபிரியா, பார்த்த வேலையை விட்டுவிட்டு ஆசை ஆசையாகக் கட்டியது கோழிப்பண்ணை. மூடிய கொட்டகை, வெயிலில் விசிறி நின்றால் அத்தனை உயிரும் வெந்துபோகும். வெப்பம் பார்த்து விசிறிகளை ஓட்டும் கணினிப் பெட்டியை யோகேஷ்தான் செய்துகொடுத்தார். சோதித்த அன்றே திரை சிவந்தது.

"ஏனுங்க, என்னமோ கத்துதே, பாக்க மாட்டீங்களா?"

"அட, ரெண்டு சாமி கதைதான் புள்ள. சும்மா கத்துது."

சாமி கதையும் இல்லை, பூதம் கதையும் இல்லை. ஒன்று விசிறிப் பூட்டு, மற்றது வெப்பமானிப் பூட்டு. பெயரே வேறு. இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும் என்று கருவி வரி வரியாகச் சொல்லியிருந்தது. யோகேஷ் வழக்கமான அந்த ஒரு வரியை எழுதினார்.

சித்திரையில் ஒரு மத்தியானம் இரண்டும் அப்படியே நின்றன. விசிறிகள் ஓய்ந்தன. சூடு ஏறினால் கத்தவென்று கொட்டகை வாசலில் தனியாக மாட்டியிருந்த சைரன் அலறியது. சத்யபிரியா செருப்புகூடப் போடாமல் ஓடினாள், பின்னாலேயே யோகேஷ். உள்ளே கோழிகள் அலகைப் பிளந்து இளைத்தன. முன்வரிசைக் கூண்டுகளில் சில ஏற்கெனவே கழுத்தைத் தொங்கப் போட்டிருந்தன. அவள் பெட்டியை விலக்கிவிட்டு, விசிறிகளை நேராகக் கரண்டில் ஓட்ட ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிக்கொண்டே, "ஏனுங்க, அந்தக் கடைசி சுவிட்சைப் போடுங்க!" என்று கூவினாள்.

திரும்பிப் பார்த்தாள்.

யோகேஷ் வாசலில் தீவன மூட்டைமேல் ஏறி நின்று, தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிச் சைரனின் வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தார்.