சின்னம்மாவின் காக்கிச் சட்டை

காக்கிச் சட்டையைக் கண்ட நாள் முதல் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையில், எங்கள் வீட்டு அலுமாரிக்குள், ஒரு பொலிஸ் உடுப்பு! அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, மருதானையில் தைப்பித்தது. கலியாண வீடுகளில் அக்கோடியன் வாசித்துத் தமிழிலும் சிங்களத்திலும் பாடித் திரிந்தவளைத் தொலைக்காட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முதலில் ஒரு பாட்டு, பிறகு பகிடி நாடகத்தில் மீசை வைத்த இன்ஸ்பெக்டர் வேஷம். சண்டைக் காலத்தில் தமிழ்ப் பெண்ணொருத்தி காக்கியோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்று எண்ணி எண்ணியே எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பத்து வயதிலேயே வீட்டுக் கவலை முழுவதையும் நான்தான் குத்தகைக்கு எடுத்திருந்தேன்.

ஒளிப்பதிவு நாளன்று விடியற்காலை எங்கள் ஒழுங்கையை ராணுவம் சுற்றி வளைத்துவிட்டது. வீடு வீடாகச் சோதனை. பெரியவர்கள் அடையாள அட்டைகளைத் தேட, நான் சட்டையை இழுத்தெடுத்து, அம்மா நீலம் போட்டு வாளியில் ஊறவைத்திருந்த விரிப்புகளுக்கு அடியில் அமுக்கினேன்.

ஆமிக்காரர் வந்தார்கள். ஒருவன் அக்கோடியன் பெட்டியைத் திறந்து, “நங்கி, மேக்க மொக்கத?” என்று, இது என்னவென்று கேட்டான். பாட்டுக்கு வாசிக்கிறது என்று சின்னம்மா சிங்களத்திலேயே சொன்னாள். அவன் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தான். துருத்தியை இழுக்காததால் சத்தம் வரவில்லை. ஏமாந்து மூடிவிட்டுப் போனான்.

நான் பெருமையாக வாளியைக் காட்டினேன். சின்னம்மா பாய்ந்து சட்டையைத் தூக்கி, அதன் பையிலிருந்து ஊறிய கடதாசி ஒன்றை எடுத்தாள். உடுப்பு நாடகத்துக்குத்தான் என்று தொலைக்காட்சியில் முத்திரை குத்திக் கொடுத்த கடிதம். மையெல்லாம் கரைந்துவிட்டது. அது இல்லாமல் காக்கியோடு, வழியில் மறித்துச் சோதிக்கிற ஒரு சென்றியும் தாண்ட முடியாது.

“கெட்டிக்காரி! ஆமிக்கும் ஏலாததை நீ செய்திட்டாய்,” என்றாள் என்னிடம்.

“நல்லதாப் போச்சு. இண்டைக்கு வீட்டில இரு,” என்றார் அம்மா.

“நான் போறன் அக்கா.”

“என்னத்தை உடுத்திக்கொண்டடி இன்ஸ்பெக்டராப் போறாய்?”

“உன்ர கூறைச்சீலையைத் தா. மீசையை மட்டும் ஒட்டுறன். இன்ஸ்பெக்டர்ட மனிசிக்கு மீசை முளைச்சிட்டுதெண்டு சொல்லுவம்.”

“கூத்தாடி!” என்று ஏசிக்கொண்டே அம்மா அலுமாரியைத் திறந்தார்.

அந்த மீசைக்கார மனிசி பிறகு பல வருஷம் திரையில் வாழ்ந்தாள். சின்னம்மா பாடினாள், நடித்தாள், நிகழ்ச்சிகள் நடத்தினாள். சந்தையில் மீன்காரரும் “இன்ஸ்பெக்டர் நோனா”, இன்ஸ்பெக்டர் அம்மணி, என்றே கூப்பிட்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் வாழ்க்கையில் சாதித்தது அந்தச் சட்டையை நனைத்தது ஒன்றுதான்.

ஆனால் அன்று அவள் படியிறங்குமுன், அம்மா எங்கள் விலாசத்தையும் அப்பா வேலை செய்த கந்தோரின் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதி, மடித்து, அவளுடைய ரவிக்கைக்குள் செருகினார். அதுவரை எல்லாவற்றுக்கும் வாய்காட்டிக்கொண்டிருந்தவள் துண்டு இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் பயந்த எனக்கு அதற்கு மட்டும் சிரிப்பு வந்தது. கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு வீட்டுக்கு வழி மறந்துபோகுமா என்று கேட்டேன்.

“அது அவள் வாசிக்கிறதுக்கில்லை, அவளைக் கண்டெடுக்கிற ஆக்களுக்கு,” என்றார் அம்மா. துண்டு விழாதபடி ஒரு ஊசியையும் குத்திவிட்டார்.